எதிர்பார்க்கும் செவி: கர்நாடக இசையைக் கேட்கும் முறை

கர்நாடக இசையைக் கேட்கும் பயிற்சி சுருதியில் தொடங்குகிறது. பாடகர் வாய் திறக்கும் முன்பே தம்புரா ஒலிக்கத் தொடங்கிவிடும்; மங்களம் முடிந்த பிறகுதான் ஓயும். கச்சேரி முழுவதும் இடைவிடாமல் ஒலிப்பது அது ஒன்றே. அரங்கில் மிகக் குறைவாகக் கேட்கப்படுவதும் அதுவே. அதில் நான்கு தந்திகள்: ஒன்று பஞ்சமம், இரண்டு ஷட்ஜம், ஒன்று மந்தர ஷட்ஜம். தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ‘ஜீவா’ என்னும் நூலிழையைச் செருகி, சரியான இடத்துக்கு நகர்த்தினால் நாதம் ரீங்காரமாக விரியும். நன்றாகச் சுருதி கூட்டிய தம்புராவில், எந்தத் தந்தியிலும் கூட்டப்படாத அந்தர காந்தாரம் மந்தரத் தந்தியிலிருந்து தானாக எழும். சுயம்பு காந்தாரம் என்று வித்வான்கள் சொல்வது இதைத்தான். தந்தியின் அடிப்படை அதிர்வோடு அதன் ஐந்து மடங்கு அதிர்வும் சேர்ந்து ஒலிப்பதே இதன் காரணம். அந்த அதிர்வை இரண்டு ஸ்தாயி கீழே இறக்கிப் பார்த்தால் ஷட்ஜத்துக்கு 5/4 என்ற விகிதத்தில் காந்தாரம் நிற்கும்.

இந்தக் காந்தாரத்தைத் தேடிக் கேட்பது புதிதாகக் கேட்பவருக்கு நல்ல முதல் பாடம். இருப்பது தெரிந்து, பொறுத்திருந்தால் மட்டுமே காதில் விழும் ஒலி அது. அதைப் பிடித்துவிட்ட காதுக்கு ஷட்ஜம் எப்போதும் நினைவில் நிற்கும். இந்த இசையில் எந்த ஸ்வரத்துக்கும் தனியாகப் பொருள் கிடையாது. ஷட்ஜத்திலிருந்து அது எவ்வளவு தொலைவில் நிற்கிறது என்பதே அதன் பொருள். சங்கராபரணத்தின் ஏழு ஸ்வரங்களில் ஒன்றையும் மாற்றாமல், ரிஷபத்தை ஷட்ஜமாக வைத்துக் கேட்டால் கரஹரப்பிரியா வரும். காந்தாரத்தை வைத்தால் தோடி, மத்திமத்தை வைத்தால் கல்யாணி, பஞ்சமத்தை வைத்தால் அரிகாம்போதி, தைவதத்தை வைத்தால் நடபைரவி. ஐந்து ஸ்வரங்களே உடைய மோகனத்திலிருந்து இதே வழியில் மத்தியமாவதி, இந்தோளம், சுத்த சாவேரி, சுத்த தன்யாசி ஆகிய நான்கும் பிறக்கும். கிரக பேதம் எனப்படும் இந்த உத்தியை ஜி. என். பாலசுப்பிரமணியம், ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனையில் கையாண்டபோது அது விவாதத்துக்கு உள்ளானது. ஆனால் கருத்து புதிதன்று. குரல் என்னும் முதல் நரம்பை இடம் மாற்றிப் பாலைகளைப் பிறப்பிக்கும் முறை சிலப்பதிகாரத்திலேயே உண்டு. ஆபிரகாம் பண்டிதரின் ‘கருணாமிர்த சாகரம்’ (1917), விபுலானந்த அடிகளின் ‘யாழ் நூல்’ (1947) ஆகிய இரு பெருநூல்களும் அதை விரிவாக ஆராய்கின்றன.

சுருதிக்கு அடுத்தது ராகம். கேட்பவர்களில் பெரும்பாலோர் தடுக்கி நிற்கும் இடமும் இதுவே. ராகம் என்றால் ஆரோகண அவரோகணம் என்ற எண்ணமே தடை. பதினேழாம் நூற்றாண்டில் வேங்கடமகி வகுத்த 72 மேளங்கள் ராகங்களை அடுக்கி வைக்க உதவும் சட்டகம். அந்தச் சட்டகத்தைப் பாட முடியாது. ஆரபியையும் தேவகாந்தாரியையும் எடுத்துக்கொண்டால் இது விளங்கும். இரண்டும் 29-ஆம் மேளமான தீரசங்கராபரணத்தில் பிறந்தவை. இரண்டுக்கும் ஏறுவரிசையில் ஸ ரி ம ப த ஸ. இறங்குவரிசையில் ஏழு ஸ்வரங்களும் உண்டு. தாளில் எழுதினால் வேறுபாடே தெரியாது. பாடும்போதோ, பாதி வரி கேட்டதும் தெரிந்துவிடும். ஆரபி நிமிர்ந்து, அசைவு குறைவாக, ஸ்வரங்களை வெட்டி வெட்டி வைத்து விரைந்து நடக்கும். தேவகாந்தாரி நிதானித்து, ரிஷபத்திலும் மத்திமத்திலும் நீண்டு குழைந்து செல்லும். ஸ்வரங்களை எண்ணிக்கொண்டிருக்கும் காது இரண்டையும் குழப்பும். நடையைக் கவனிக்கும் காது குழம்பாது.

ராகத்தின் உயிர் கமகம் என்னும் ஸ்வர அசைவில் இருக்கிறது. தோடியின் காந்தாரம் இதற்குத் தலைசிறந்த சான்று. ஆர்மோனியத்தில் அது ஒரு கட்டை. ஒரே இடத்தில் நிற்கும் ஒலி. பாடகர் குரலிலோ நாகஸ்வரத்திலோ அது ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே ஊசலாடும் ஓர் அசைவு; பல வேளைகளில் காந்தாரம் என்ற புள்ளியில் குரல் நிற்பதே இல்லை. அசைவை நீக்கிவிட்டு அதே ஸ்வரங்களை நேராகப் பாடினால், இந்துஸ்தானி பைரவியின் சாயல் வந்துவிடும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடிப் பதிவுகளில் அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் பின்தொடர்ந்து கேட்கலாம். ஒவ்வொரு முறையும் அதன் வீச்சு மாறும், வேகம் மாறும். ஆனாலும் அது தோடியின் காந்தாரமாகவே இருக்கும். கமகங்களை எழுத்தில் பிடித்துவிடும் முயற்சியும் நடந்திருக்கிறது. எட்டயபுரத்தில் 1904-இல் வெளிவந்த சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ ஒவ்வொரு வகை அசைவுக்கும் தனிக் குறி இட்டது. மாபெரும் உழைப்பு. ஆயினும் பாடிக் கேட்டவருக்கே அந்தக் குறிகள் பேசும்.

கமகத்தோடு சேர்த்துக் கேட்க வேண்டியவை ‘பிடி’கள். ராகத்தைக் காட்டிக்கொடுக்கும் சிறு சொற்றொடர்களை வித்வான்கள் அப்படி அழைப்பார்கள். பைரவியில் ஏறும்போது சதுஸ்ருதி தைவதம், இறங்கும்போது சுத்த தைவதம். மேலே போகும்போது வெளிச்சமும் கீழே வரும்போது கனமும் தருவது இந்த இரட்டைத் தைவதம். பைரவியைக் கற்க ஒரே ஒரு உருப்படியை மட்டும் கேட்க வேண்டுமென்றால் சியாமா சாஸ்திரிகளின் (1762–1827) ‘காமாக்ஷி’ ஸ்வரஜதியைக் கேட்கலாம். அதன் எட்டுச் சரணங்களும் கீழ் ஷட்ஜம் முதல் மேல் ஷட்ஜம் வரை ஒவ்வொரு ஸ்வரமாக ஏறித் தொடங்குகின்றன. ஒவ்வொரு ஸ்வரத்திலிருந்தும் பைரவி எப்படித் தோன்றுகிறது என்பதை வரிசையாகக் காட்டிவிடும் அமைப்பு அது. மிஸ்ர சாபு தாளத்தில் நிதானமாகச் செல்வதால் காதுக்கு அவகாசமும் கிடைக்கும். பத்து ராகப் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட இந்த ஒரு ஸ்வரஜதியைப் பல தடவை கேட்பது பயன் தரும்.

ராகத்தின் பெயரைச் சொல்லிவிடுவது கேட்பதாகாது. பாடகர் ‘ஆ’ என்றதும் பக்கத்து இருக்கையில் “கரஹரப்பிரியா” என்று முணுமுணுப்பதும், உடனே கைபேசியில் தேடி உறுதி செய்துகொள்வதும் சபாக்களில் அன்றாடக் காட்சி. பெயர் தெரிந்த நிமிடத்தில் பலருடைய கவனம் அவிழ்ந்துவிடுகிறது. உண்மையில் கேட்பது அங்கேதான் தொடங்க வேண்டும். பெயர் எதற்கு உதவுகிறது என்றால், இனி என்ன வரக்கூடும் என்று காத்திருப்பதற்கு. காம்போதி என்று தெரிந்தவர், வழக்கமாக வரும் கைசிகி நிஷாதத்துக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் காகலி நிஷாதம் எட்டிப் பார்க்கும் அந்தப் பழைய பிடிக்காகக் காத்திருப்பார். பாடகர் அதைச் சீக்கிரம் கொடுத்துவிடலாம், தள்ளிப் போடலாம், கொடுக்காமலே மேல் ஸ்தாயிக்குப் போய்விடலாம். காத்திருந்தவருக்கு மூன்றும் மூன்று வேறு அனுபவங்கள். காத்திராதவருக்கு மூன்றும் காம்போதி, அவ்வளவே.

ராகத்தை நம்பி ஈடும் வைத்திருக்கிறார்கள். சங்கராபரணம் நரசையர், கபிஸ்தலம் ராமபத்திர மூப்பனாரிடம் சங்கராபரணத்தை அடகு வைத்துக் கடன் பெற்றார் என்றும், கடன் தீரும் வரை அந்த ராகத்தைப் பாடவில்லை என்றும் உ. வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்து ரசிகர்களுக்கு ஒரு ராகம் ஒருவருடைய சொத்தாகவே காதில் விழுந்திருக்கிறது என்பது இச்செய்தியிலிருந்து தெரிகிறது.

ஆலாபனையைத் தொடர்ந்து செல்ல, பாடகர் எந்த ஸ்வரத்தில் தங்குகிறார் என்று கவனித்தால் போதும். ஆலாபனை பெரும்பாலும் ஷட்ஜத்தைச் சுற்றித் தொடங்கி, ராகத்தின் அடையாளத்தை முதல் சில பிடிகளிலேயே காட்டிவிட்டு, படிப்படியாக மேலே ஏறும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு ஸ்வரத்தை மையமாக்கி அதைச் சுற்றியே பாடகர் வளைய வருவார். கல்யாணியில் காந்தாரத்தில் சற்று நேரம், நிஷாதத்தில் சற்று நேரம். பிறகு மேல் ஷட்ஜத்தைத் தொடாமலே தொடாமலே போக்குக் காட்டி, ஒரு கட்டத்தில் அங்கே நின்றுவிடுவார். அந்த இடத்தில் அரங்கில் எழும் சலசலப்பு, எல்லோரும் அதையே எதிர்பார்த்திருந்தார்கள் என்பதற்குச் சாட்சி. வயலின் வித்வான் இந்த எதிர்பார்ப்பையே தொழிலாகக் கொண்டவர். பாடகரின் சொற்றொடர் முடிவதற்குள் அது எங்கே போகும் என்று ஊகித்து, நிழல்போல் பின்தொடர்ந்து, முடிந்ததும் அதன் வாலை மட்டும் வாசித்துக் கொடுப்பார். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதரும் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்த மேல்நாட்டு வாத்தியத்தை நம் இசைக்குள் கொண்டுவந்தார்கள். இன்று கச்சேரியில் மிக ஆழ்ந்து கேட்பவர் யார் என்றால், அதை ஏந்தி உட்கார்ந்திருப்பவர்தான். பாடகரை விட்டுவிட்டு வயலினை மட்டும் ஒரு ஆலாபனை முழுக்கக் கவனித்தவருக்குக் கேட்கும் முறை பிடிபட்டுவிடும்.

கீர்த்தனையைக் கேட்க வேறுவிதக் கவனம் வேண்டும். தியாகராஜர் (1767–1847) சங்கதிகளால் கட்டுகிறார். பல்லவியின் முதல் வரி எளிமையாக வரும். மறுமுறை அதன் ஒரு மூலையில் சிறு மாற்றம். அடுத்த முறை இன்னொரு மூலையில். எடுப்பும் முடிப்பும் அநேகமாக அப்படியே இருக்கும்; நடுப்பகுதி மட்டும் வளர்ந்துகொண்டே போகும். அவருடைய கரஹரப்பிரியா கீர்த்தனையான ‘சக்கனி ராஜ’வில், ஒவ்வொரு சங்கதியிலும் எந்த இடம் மாறியது என்று கேட்டுக்கொண்டே வருவது நல்ல பயிற்சி. முத்துசாமி தீட்சிதரிடம் இந்த முறை பயன்படாது. அவருடைய வரிகள் நீண்டவை. விளம்ப காலத்தில் வீணையின் இழைப்போடு செல்பவை. கேட்பவர் அங்கே மாற்றத்தைத் தேடாமல் ஓட்டத்தோடு போக வேண்டும். இறுதியில் மத்யமகால சாகித்தியம் வந்து நடை இரட்டிப்பாகும் இடத்தில் நிமிர்ந்து உட்காரலாம். பல கிருதிகளில் ராகத்தின் பெயரையே சாகித்தியத்துக்குள் அவர் பொதிந்து வைத்திருப்பது புதிதாகக் கேட்பவருக்கு அவர் செய்த உபகாரம்.

சாகித்தியத்தின் பொருள் தெரிய வேண்டுமா என்ற கேள்வி இங்கே எழும். தெரியாமலும் ராகத்தை ரசிக்கலாம் என்பது பாதி உண்மை. நிரவலில் அந்த வாதம் நிற்காது. ஒரே வரியை, சொற்கள் தாளத்தில் விழும் இடங்களை மாற்றாமல், ராகத்தின் வெவ்வேறு வடிவங்களில் பாடுவது நிரவல். அந்த வரியை ஏன் தேர்ந்தெடுத்தார், எந்தச் சொல்லில் குரல் அழுந்துகிறது என்பதெல்லாம் பொருள் தெரிந்தவருக்கே எட்டும். 1940-களில் தமிழிசை இயக்கம் எழுந்ததற்கும் 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியதற்கும் பின்னால், பொருள் புரிந்து கேட்பது கேட்பவரின் உரிமை என்ற இந்த நியாயம் இருந்தது. அருணாசலக் கவிராயர், கோபாலகிருஷ்ண பாரதியார், பாபநாசம் சிவன் ஆகியோரின் பாடல்களில் நிரவலைக் கேட்டுப் பழகிய பிறகு தெலுங்கு, வடமொழிக் கிருதிகளின் பொருளைத் தேடிப் படித்துக்கொண்டு போவது எளிய வழி.

இனித் தாளம். ராகத்தில் தேர்ந்த ரசிகர்கள் பலர் தாளத்தில் தளர்ந்துவிடுகிறார்கள். தாளத்தைக் கணக்கு என்று எண்ணி அஞ்சுவதே காரணம். தொடையில் கை போட்டாலே பாதி அச்சம் போய்விடும். ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம்: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. மிஸ்ர சாபுவுக்கு மூன்றும் நான்குமாக ஏழு; கண்ட சாபுவுக்கு இரண்டும் மூன்றுமாக ஐந்து. சியாமா சாஸ்திரிகள் மிஸ்ர சாபுவைத் திருப்பிப்போட்டு நான்கும் மூன்றுமாக விலோம சாபு நடையில் அமைத்த உருப்படிகளும் உண்டு. கை போட்டுக் கேட்கும்போது முதலில் தெரியவருவது எடுப்பு. பாட்டு தாளத்தின் முதல் தட்டிலேயே தொடங்குகிறதா, அரை இடம் தள்ளித் தொடங்குகிறதா, ஒன்றரை இடம் தள்ளியா? ஒரே ராகத்தில் அமைந்த இரண்டு கிருதிகளின் குணம் வேறுபடுவதற்கு எடுப்பு பெரிய காரணம்.

எடுப்பு தெரிந்துவிட்டால், ஸ்வரங்களை மேடையிலேயே புனைந்து பாடும் கல்பனாஸ்வரமும் மிருதங்கக்காரர் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனமும் திறந்துகொள்ளும். இரண்டிலும் சஸ்பென்ஸ் ஒன்றே: எடுப்புக்கு எப்படி வந்து சேரப் போகிறார்? ஒரு சிறிய கணக்கு போதும். ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்தை, அட்சரத்துக்கு நான்காக, 32 மாத்திரையாகக் கொள்வோம். மிருதங்கக்காரர் ‘ததிகிணதொம்’ என்ற ஐந்து மாத்திரைச் சொல்லை மூன்று முறை வாசித்து முடிக்க விரும்புகிறார். நடுவே இரண்டு இடங்களில் இரண்டிரண்டு மாத்திரை இடைவெளி விடுகிறார். மொத்தம் 15-உம் 4-உம் சேர்ந்து 19. ஆகவே 13 மாத்திரை கழித்துத் தொடங்கினால், தாளத்தின் முதல் தட்டான சமத்தில் வந்து விழும். பாட்டின் எடுப்பு அரை இடம் தள்ளியிருந்தால் 15 மாத்திரை கழித்துத் தொடங்க வேண்டும். ரசிகர் இதைக் கூட்டிக் கழிக்க வேண்டியதில்லை. ஒரு சொற்கட்டு முதல் முறை வந்ததுமே இது மூன்று முறை வரும் என்று காது சொல்ல வேண்டும். கை தாளத்தை விடாமல் இருக்க வேண்டும். மூன்றாவது முடியும் கணத்தில் கையும் மிருதங்கமும் ஒரே இடத்தில் சேரும். புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் வழியில் வந்த லய மரபு இந்தக் கணக்கை எட்டவொண்ணாத உயரத்துக்குக் கொண்டுபோயிற்று. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காப்பிக்கு எழுந்து போகும் வழக்கம் எவ்வளவு பெரிய இழப்பு என்பது தாளம் போட்டு உட்கார்ந்திருந்தவருக்குத்தான் தெரியும்.

மிருதங்கத்தின் முதல் வேலை தனி ஆவர்த்தனம் அன்று, பாட்டுக்கு வாசிப்பது. பாலக்காடு மணி ஐயர் (1912–1981) கீர்த்தனையின் சங்கதிகளுக்கு ஏற்பச் சொற்களை மாற்றி வாசித்ததை இன்றும் பேசுகிறார்கள். எங்கே வாசிக்காமல் விட்டார் என்பதையும் சேர்த்தே பேசுகிறார்கள்.

இந்தத் துண்டுகளெல்லாம் சேர்ந்த முழுவடிவம் கச்சேரி. இன்று வழக்கிலுள்ள பத்ததியை நிலைநிறுத்தியவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967). வர்ணத்தில் தொடங்கி, சிறு கிருதிகள் சிலவற்றால் களைகட்டி, ஆலாபனை, நிரவல், ஸ்வரம், தனி ஆவர்த்தனத்தோடு ஒரு பெரிய உருப்படியில் உச்சம் தொட்டு, துக்கடாக்களில் இறங்கி, மங்களத்தில் முடிப்பது அது. வரிசை தெரிந்தவர் தம் கவனத்தைச் செலவிடும் முறையும் அதற்கேற்ப மாறும்: முதல் அரைமணி நேரத்தில் குரலும் சுருதியும் படிவதைக் கேட்பார்; பிரதான ராகம் வரும்போது முழுக் கவனத்தையும் கொடுப்பார்; விருத்தம் வந்தால் தாளம் போட்ட கைக்கு ஓய்வு கொடுத்துச் சொல்லோடு மட்டும் போவார். ஒரு சுத்த மத்திம ராகத்தை அடுத்து ஒரு பிரதி மத்திம ராகம் வைப்பதும், ஒரே தாளம் அடுத்தடுத்து வராமல் பார்த்துக்கொள்வதும் பாடகரின் திட்டத்தில் அடங்கியவை. அடுத்து என்ன வரலாம் என்று ஊகித்துப் பார்ப்பவருக்கு இதெல்லாம் தானே புலப்படும்.

ஒலியின் அளவும் கேட்பதைத் தீர்மானிக்கிறது. வீணை தனம்மாள் (1867–1938) சென்னை ஜார்ஜ் டவுனில் தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தபோது ஒலிபெருக்கி இல்லை. அறையில் ஒருவர் அசைந்தால்கூட நாதம் அடிபட்டுப் போகும். அங்கே போனவர்கள் வித்வான்களும் தேர்ந்த ரசிகர்களும். 1930-களில் ஒலிபெருக்கி சபாக்களுக்குள் வந்தபின், பெரிய கூடத்தின் கடைசி வரிசை வரை பாட்டு எட்டியது. மறுக்க முடியாத நன்மை. ஆனால் இன்று பல அரங்குகளில் மிருதங்கமும் வயலினும் போட்டி போட்டுக்கொண்டு முழங்க, தம்புரா மேடையில் காட்சிப்பொருளாகிவிடுகிறது. கமகத்தின் நுண்ணிய முனைகள் அந்த ஓசையில் கரைந்துபோகும். வாய்ப்பு கிடைக்கும்போது ஒலிபெருக்கி இல்லாத சிறு கூடங்களில், கோயில் மண்டபங்களில் கேட்பது காதைத் தீட்டும்.

பதிவுகள் வேறொரு வசதியைத் தருகின்றன: திரும்பக் கேட்பது. ஒரே ராகத்தை ஜி. என். பாலசுப்பிரமணியம் (1910–1965) பிருகாக்கள் சுழல விரைந்து பாடியதையும், எம். டி. ராமநாதன் (1923–1984) ஒவ்வொரு ஸ்வரமாக நிதானித்துப் பாடியதையும் அடுத்தடுத்துக் கேட்டால், ராகத்தில் பாடகரைச் சார்ந்தது எது, ராகத்தையே சார்ந்தது எது என்று பிரித்துப் பார்க்க முடியும். இருவரிடமும் மாறாமல் நிற்கும் பிடிகளே ராகத்தின் எலும்புக்கூடு. தனம்மாளின் பேத்திகளான டி. பிருந்தா, டி. முக்தா ஆகியோரின் பதங்களில் விளம்ப காலக் கமகத்தின் முழு நீளமும் கிடைக்கும். ஒரு பருவத்துக்கு ஐந்தாறு ராகங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு வர்ணம், ஒரு கிருதி, சில ஆலாபனைகள் என்று திரும்பத் திரும்பக் கேட்பது இருநூறு ராகங்களை மேய்வதைவிட மேல். பழைய 78 சுற்று இசைத்தட்டுகளைக் கேட்கும்போது மட்டும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். தட்டின் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடமே இடம். பாடகர்கள் அதற்குள் ராகத்தைச் சுருக்கி, பிடிகளை நெருக்கி அடுக்கினார்கள். கச்சேரி மேடையில் அவர்கள் அப்படிப் பாடியிருக்க மாட்டார்கள். ஒரு வித்வானின் ஆலாபனை வளரும் விதத்தை அத்தட்டுகளைக் கொண்டு அளக்க முடியாது. ராகத்தின் பிடிகளைப் படிக்க அவற்றைவிடச் செறிந்த பாடம் கிடைப்பது அரிது.